பயிற்சியில் விழுகிற பந்து மேட்சில் ஏன் விழுவதில்லை? ஃப்ரீ த்ரோ பற்றி ஒரு கேள்வி

தென்கரை_பிடி:
எல்லோருக்கும் வணக்கம். பெண்கள் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். 17 வயதுக்குட்பட்ட கூடைப்பந்து அணியைப் பார்த்துக்கொள்கிறேன். மாலையில் பிள்ளைகளை ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஷாட்) கோட்டில் நிறுத்திப் போடச் சொன்னால் பத்துக்கு ஏழு, எட்டு விழுகிறது. போட்டிக்குப் போனால் அதே பிள்ளைகள் பாதிகூடப் போடுவதில்லை. அதிலும் கடைசிக் குவார்ட்டரில் பந்து ரிங்கின் முன் விளிம்பில் பட்டுத் திரும்பி வருகிறது.

வெளியில் நின்று "பயப்படாதே, தைரியமாகப் போடு" என்று எல்லோரும் கத்துகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அதனால் என்ன பயன் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவர் தியானம் சொல்லிக்கொடுங்கள் என்கிறார், இன்னொருவர் ஜிம்முக்கு அனுப்பச் சொல்கிறார், மற்றொருவர் ஷூட்டிங் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்கிறார். எங்களிடம் இருப்பது சிமெண்ட் தளம், இரண்டு போர்டு, கொஞ்சம் பழைய பந்துகள், அவ்வளவுதான். எதிலிருந்து ஆரம்பிப்பது?

சிமெண்ட்_கோர்ட்:
சார், என் பதில் எண்ணிக்கைதான். ஷூட்டிங் கைக்குப் பழகிவிட்டால் மனம் குறுக்கே வராது. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் நட்சத்திரம் ஸ்டீபன் கரி பள்ளிக்கூடத்தில் இருந்தபோது பந்தை இடுப்புப் பக்கத்திலிருந்து எடுத்து எறிந்துகொண்டிருந்தார். அவருடைய அப்பா டெல் கரியும் என்பிஏவில் பெயர் வாங்கிய ஷூட்டர். கல்லூரிக்குப் போனால் உயரமான ஆட்கள் இதைத் தடுத்துவிடுவார்கள் என்று சொல்லி, ஒரு கோடை விடுமுறை முழுவதும் மகனின் ஷாட்டைப் பிரித்து, தலைக்கு மேலிருந்து விடுகிற மாதிரி மாற்றினார். அந்தக் கோடையில் பையனுக்குப் பந்து ரிங்குக்கே எட்டவில்லை, அழுகையே வந்தது என்று பின்னால் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதே ஆள்தான் 2015-16 சீசனில் 402 மூன்று புள்ளி ஷாட் போட்டார். 2021 டிசம்பரில் ரே ஆலனின் மொத்தச் சாதனையையும் தாண்டினார். திரும்பத் திரும்பப் போட்டதுதான் காரணம். தியானமெல்லாம் அப்புறம்.

பழைய_பாயின்ட்_கார்டு:
சிமெண்ட்_கோர்ட் அண்ணா, எண்ணிக்கை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. பல்கலைக்கழக அணிக்கு ஆடியவள் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். எந்த மாதிரி எண்ணிக்கை?

சார் சொல்லும் "பத்துக்கு எட்டு" எப்படி வருகிறது என்று பாருங்கள். பிள்ளை கோட்டில் நிற்கிறாள், தோழி ரிங்குக்குக் கீழே நின்று பந்தைப் பிடித்துத் திருப்பிப் போடுகிறாள். முதல் பந்து குட்டையாகப் போனால் இரண்டாவதில் கை தானாகச் சரிசெய்துகொள்கிறது. மூன்றாவதிலிருந்து தாளம் வந்துவிடும், அதற்குப் பிறகு வரிசையாக விழும். மேட்சில் அந்தத் தாளத்துக்கு இடமே கிடையாது. ஓடிக்கொண்டிருந்தவளை ஃபவுல் செய்கிறார்கள், விசில் அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, நடுவர் பந்தைக் கையில் கொடுக்கிறார், ஐந்து நொடிக்குள் விட வேண்டும். கிடைப்பது இரண்டு பந்து. அதில் முதல் பந்தை அவள் பயிற்சியில் போட்டுப் பழகவே இல்லை.

ஒரு பக்கம் இதற்கு எதிரான மாதிரித் தோன்றும் ஓர் ஆய்வும் இருக்கிறது. 2005இல் கீட்ச், ஷ்மிட், லீ, யங் என்ற நான்கு பேர் வெளியிட்டது. அனுபவமுள்ள ஆட்டக்காரர்களை வெவ்வேறு தூரங்களில் நிறுத்தித் தரையிலிருந்து கால் எடுக்காமல் போடச் சொன்னார்கள். தூரம் கூடக்கூட விழுவது குறையும், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் சரியாக ஃப்ரீ த்ரோ கோட்டில் மட்டும் மற்ற தூரங்களை வைத்துக் கணக்கிட்டதைவிட அதிகமாக விழுந்தது. குதித்துப் போடும் ஜம்ப் ஷாட்டில் அந்த விசேஷம் இல்லை. ஆக அந்த ஓர் இடத்தில் ஆயிரக்கணக்கில் போட்டதன் பலன் உடம்பில் இருக்கத்தான் செய்கிறது. அதை மேட்ச் நேரத்தில் எப்படி வெளியே கொண்டுவருவது என்பதுதான் சாரின் கேள்வி என்று நினைக்கிறேன்.

ஃபிசியோ_மதுரை:
சார் எழுதியதில் ஒரு வரியில்தான் என் கண் நின்றது. "கடைசிக் குவார்ட்டரில் முன் விளிம்பில் பட்டு." பயந்த பிள்ளையின் பந்து இடமும் போகும், வலமும் போகும், பின் விளிம்பிலும் இடிக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி குட்டையாக விழுகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது காலைத்தான்.

ஷாட்டின் சக்தி தரையிலிருந்து கிளம்புகிறது. கணுக்கால், முழங்கால், இடுப்பு, அப்புறம் தோள், முழங்கை, கடைசியில் மணிக்கட்டும் விரல்நுனியும். இந்த வரிசையில் கால் சோர்ந்துவிட்டால் அந்தப் பாக்கியைத் தோள் கட்ட வேண்டியிருக்கும். தோளால் தள்ளும்போது பந்து மேலே எழாமல் நேராகப் போகும். பயிற்சியில் ஃப்ரீ த்ரோவை எப்போது வைக்கிறீர்கள்? ஆரம்பத்தில், கால் புதிதாக இருக்கும்போது என்றால் மேட்சின் 35ஆவது நிமிடத்துக்கு அது எந்த வகையிலும் தயார்செய்யாது. அந்த நேரத்தில்தான் ஃப்ரீ த்ரோவும் அதிகம் வருகிறது. ஒரு குவார்ட்டரில் அணிக்கு நாலு ஃபவுல் ஆகிவிட்டால், ஐந்தாவதிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுக்க வேண்டும் இல்லையா.

தென்கரை_பிடி:
ஆரம்பத்தில்தான் வைக்கிறோம் மேடம். வார்ம்-அப் முடிந்ததும் ஷூட்டிங், அப்புறம் லே-அப் (ஓடிவந்து ரிங்குக்குப் பக்கத்தில் போடுவது), கடைசியில் ஆட்டம்.

வளைவுக்கோணம்:
நான் இயற்பியல் வாத்தியார், கூடைப்பந்து மீது தீராத பிரியம். மேடம் சொன்னதைக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கலாம்.

ரிங்கின் உள்விட்டம் 45 செ.மீ. பெண்கள் ஆடும் 6ஆம் எண் பந்தின் விட்டம் சுமார் 23 செ.மீ., ஆண்களின் 7ஆம் எண் பந்து சுமார் 24. நேர் மேலிருந்து விழும் பந்துக்குத்தான் முழு 45 செ.மீ. வாய் கிடைக்கும். 45 பாகை சரிவில் இறங்கினால் பந்து "பார்க்கும்" திறப்பு 32 செ.மீ.தான். 30 பாகையில் 22.5 ஆகிவிடும், அதாவது விளிம்பில் உரசாமல் உள்ளே போக வழியே இல்லை. தட்டையாக எறிகிறவளுக்கு ரிங் உண்மையிலேயே சிறியது.

சரி, எவ்வளவு உயரமாக? அமெரிக்காவில் லாரி சில்வர்பெர்க் என்ற பொறியியல் பேராசிரியர் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து கணினியில் லட்சக்கணக்கான ஃப்ரீ த்ரோக்களை ஓட்டிப் பார்த்தார். கையை விடும்போது சுமார் 52 பாகை, நொடிக்கு சுமார் 3 பின்சுழற்சி, இலக்கு ரிங்கின் நடுவைவிடக் கொஞ்சம் பின்பக்கம் என்பது அவர்கள் முடிவு. அது சுமார் 7 அடி உயரத்திலிருந்து பந்தை விடும் உயரமான ஆளுக்கான கணக்கு. ரிங் 3.05 மீட்டரில் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் சுமார் 1.8 மீட்டரிலிருந்து விடுவார்கள் என்று வைத்துக்கொண்டால் நான் போட்ட எளிய கணக்கில் 53 பாகை வருகிறது. குட்டையானவர்களுக்குக் கோணம் இன்னும் சற்று அதிகம் வேண்டும்.

இந்தக் கோணத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. ரிங்கை எட்டத் தேவையான வேகம் இங்கேதான் மிகக் குறைவு. கோணம் ஒன்றிரண்டு பாகை முன்பின் ஆனாலும் பந்து விழும் தூரம் பெரிதாக மாறாது. வேகம் மாறினால்தான் மாறும். ஆக ஒவ்வொரு தடவையும் ஒரே வேகத்தில் விடுவதுதான் பெரிய வேலை, அந்த வேகத்தைக் கொடுப்பது கால். மேடம் சொன்ன இடத்துக்கே கணக்கும் வந்து நிற்கிறது.

ஆறாம்_ஜெர்சி:
நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு, ஃபார்வர்டாக ஆடுகிறேன். காலையும் கோணத்தையும் புரிந்துகொண்டேன். ஆனால் கோட்டில் நிற்கும்போது மனதில் என்ன ஓட வேண்டும்? எங்கள் கோச் "முழங்கை உள்ளே, மணிக்கட்டை மடக்கு, ஃபாலோ த்ரூவைப் பிடி (பந்தை விட்ட கையை அப்படியே நிறுத்து)" என்று சொல்வார். மேட்சில் இவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நினைத்தால் உடம்பு கட்டையாகிவிடுகிறது. ஒன்றுமே நினைக்காமல் இருக்கப் பார்த்தால் ஸ்கோர்போர்டு நினைவுக்கு வருகிறது.

பழைய_பாயின்ட்_கார்டு:
தம்பி, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வியை நீ கேட்டுவிட்டாய். இதில் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

நன்றாகப் பழகிய ஒரு செயலை நடுவில் நிறுத்தி ஒவ்வொரு உறுப்பாகக் கண்காணிக்க ஆரம்பித்தால் அது கலைந்துபோகும். நெருக்கடியில் ஆட்டக்காரர்கள் சறுக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று சியான் பைலாக் என்ற உளவியலாளர் பல வருடம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். உன் உடம்பு கட்டையாவது அதனால்தான். முழங்கை, மணிக்கட்டு எல்லாம் பயிற்சி நேரத்துப் பேச்சு. மேட்சில் அவற்றைக் கோர்ட்டுக்கு வெளியே விட்டுவிட வேண்டும்.

அப்படியானால் மனதை எங்கே வைப்பது? வெளியே வை, ரிங்கில். கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரின் குழு 2005இல் இதையே சோதித்தது. ஃப்ரீ த்ரோ போடும்போது மணிக்கட்டில் கவனம் வைக்கச் சொன்னார்கள், ரிங்கில் வைக்கச் சொன்னார்கள், இரண்டையும் ஒப்பிட்டார்கள். ரிங்கில் கவனம் வைத்தபோது துல்லியம் கூடியது. கையின் முன்தசை, பின்தசை இரண்டிலும் மின்முனைகளை ஒட்டி அளந்தபோது தசை வேலையும் குறைவாக இருந்தது. அதாவது கவனத்தை எங்கே வைக்கிறாய் என்பது தசையின் இறுக்கத்தையே மாற்றுகிறது. மனம் வேறு, உடம்பு வேறு என்று நாம் பிரித்துப் பேசுவதற்கு இங்கே இடமே இல்லை.

அடுத்தது கண். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் என்ற பேராசிரியை 1996இல் பெண் ஆட்டக்காரர்களின் கண்ணசைவைக் கருவி வைத்துப் பதிவுசெய்தார். நன்றாகப் போடுகிறவர்களின் பார்வை ஷாட் தொடங்கும் முன்பே ரிங்கில் ஓர் இடத்தில் போய் உட்கார்ந்து, கிட்டத்தட்ட ஒரு நொடி அசையாமல் நிற்கிறது. சுமாராகப் போடுகிறவர்களின் பார்வை தாமதமாகப் போகிறது, ரிங், போர்டு, நெட் என்று தாவுகிறது. பந்து மேலே எழும்போது கையும் பந்தும் கண்ணை மறைக்கும். அதற்கு முன்பே பார்த்து முடித்துவிட வேண்டும் என்பது இதில் கவனிக்க வேண்டிய நுட்பம்.

ஆகையால் "கவனமாக இரு" என்ற பொத்தாம்பொதுவான பேச்சுக்குப் பதிலாகப் பிள்ளையிடம் சொல்ல ஒரு திட்டமான வேலை இருக்கிறது. பந்தைத் தட்டி முடித்ததும் ரிங்கில் ஓர் இடத்தைப் பார், அங்கேயே கண்ணை வை, அப்புறம் போடு. எந்த இடம் என்பது அவளுடைய விருப்பம். நான் பின் விளிம்பின் நடுவைப் பார்ப்பேன். சிலர் நெட் மாட்டும் கொக்கியைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அதே இடம், அது மட்டும் கட்டாயம்.

டல்லாஸ்_தமிழன்:
அக்கா சொன்னதை வாசித்ததும் 2021 என்பிஏ இறுதிப்போட்டி நினைவுக்கு வந்தது. அந்த பிளே-ஆஃப் முழுவதும் யானிஸ் அன்டெட்டோகும்போ ஃப்ரீ த்ரோ கோட்டில் வந்து நின்றாலே எதிரணி ஊர் ரசிகர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். என்பிஏவில் 10 நொடிக்குள் விட வேண்டும், அவருடைய தயாரிப்போ மிக நீளம். அந்த சீசனில் அவர் நூற்றுக்கு 68, 69தான் போட்டிருந்தார். பட்டம் முடிவான ஆறாவது ஆட்டத்தில் 19க்கு 17 போட்டார், மொத்தம் 50 புள்ளி. அந்தக் கூச்சல் எல்லாம் கேட்ட பிறகும் தன் நிதானத்தை அவர் கைவிடவில்லை. அது என்னை நெகிழவைத்தது.

கார்ல் மலோன் இன்னொருவர். முதல் சீசனில் (1985-86) அவருடைய ஃப்ரீ த்ரோ 48 சதவீதம். கோட்டில் நின்று பந்தைச் சுழற்றிக்கொண்டு உதட்டுக்குள் எதையோ முணுமுணுப்பார். என்ன வார்த்தை என்று கேட்டால் சொல்ல மாட்டார். நான்காவது சீசனில் 76ஐத் தாண்டிவிட்டார். ஸ்டீவ் நாஷ் பந்து கைக்கு வரும் முன்பே வெறுங்கையால் ஷாட்டைப் போட்டுப் பார்ப்பார், அவருடையது 90க்கு மேல். பெண்களில் எலெனா டெல்லே டான் டபிள்யூஎன்பிஏ என்ற பெண்கள் லீக்கில் மொத்தமாக 93 சதவீதத்துக்கு மேல். இவர்கள் ஒவ்வொருவரின் சடங்கும் ஒவ்வொரு விதம், ஆனால் அவரவருக்கு அது மாறுவதே இல்லை.

மறுபக்கமும் உண்டு. 1995 இறுதிப்போட்டியின் முதல் ஆட்டத்தில் ஒர்லாண்டோ அணியின் நிக் ஆண்டர்சன் கடைசி நொடிகளில் வரிசையாக நான்கு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டார். ஒன்று விழுந்திருந்தாலும் வெற்றி கிட்டத்தட்ட உறுதி. ஹூஸ்டன் கூடுதல் நேரத்தில் ஜெயித்து, தொடரையும் 4-0 என்று கொண்டுபோனது. அந்த சீசனில் 70 சதவீதம் போட்டவர், இரண்டு வருடம் கழித்து 40க்கு இறங்கினார். உடம்பில் ஒரு குறையும் இல்லாத, திறமையான ஆட்டக்காரர். தவறவிட்ட பிள்ளையைச் சுற்றி நின்று திட்டுகிற பெரியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாள் ஷாட் அந்த நாளோடு முடிய வேண்டும். முடியவிடாமல் பேசிப்பேசி அதை மனதில் பதியவைப்பது நாம்தான்.

சிமெண்ட்_கோர்ட்:
டல்லாஸ் தம்பியின் கடைசிப் பத்தியை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். மைதானத்தில் வைத்துப் பிள்ளையைத் திட்டுவது பாவம்.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. இங்கே பேசுகிற ஆய்வுகளில் பாதி ஏற்கெனவே ஷாட் அமைந்த ஆட்டக்காரர்களை வைத்துச் செய்தவை. கை இன்னும் அமையாத பிள்ளையிடம் "முழங்கையை மறந்துவிடு, ரிங்கைப் பார்" என்றால் கோணல் ஷாட் அப்படியே இறுகிவிடும். இடது கைக் கட்டைவிரல் பந்தைத் தள்ளுகிறதா, முழங்கை வெளியே விரிகிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். பந்து இடம் வலம் போகிறது என்றால் அநேகமாகக் கையில்தான் கோளாறு. அதை ரிங்குக்குப் பக்கத்தில், ஒற்றைக் கையால் போடவைத்துச் சரிசெய்யுங்கள். தூரம் அப்புறம்.

பழைய_பாயின்ட்_கார்டு:
சரியாகச் சொன்னீர்கள் அண்ணா. பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். கை அமைந்தவள் யார், அமையாதவள் யார் என்று சார்தான் பிரிக்க வேண்டும்.

தென்கரை_பிடி:
மிக்க நன்றி. எனக்குப் பாதி அணி கை அமைந்தவர்கள், மீதி இனிமேல்தான். இப்போது ஒன்றரை மணி நேரப் பயிற்சியை எப்படி மாற்றுவது என்று யாராவது சொல்லுங்களேன். வகுப்பு முடிந்து வருகிற பிள்ளைகள், இருட்டுவதற்குள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

பழைய_பாயின்ட்_கார்டு:
சார், நான் என்றால் இப்படிச் செய்வேன். வார்ம்-அப்புக்குப் பிறகு ரிங்கை ஒட்டிய ஷூட்டிங், அண்ணா சொன்ன ஒற்றைக்கைப் பயிற்சி, கை அமையாதவர்களுக்கு இதை நீட்டலாம். அந்த நேரத்தில் ஃப்ரீ த்ரோ வேண்டாம். அதன் பிறகு ஆட்டப் பயிற்சி முழுவதிலும் ஃப்ரீ த்ரோவைத் துண்டு துண்டாகச் செருகுங்கள். கோட்டுக்குக் கோடு ஓட்டம் ஒன்று, உடனே இரண்டு ஃப்ரீ த்ரோ, அவ்வளவுதான், மூன்றாவது கிடையாது. அடுத்தவள் வருகிறாள். மூன்றுக்கு மூன்று ஆடும்போது திடீரென்று விசில் அடித்து ஒருத்தியைக் கோட்டில் நிறுத்துங்கள். மற்றவர்கள் மேட்சில் நிற்கிற மாதிரியே இருபக்கமும் வரிசையாக நின்று ரீபவுண்டுக்குக் காத்திருக்கட்டும். சத்தம் போடவும் அனுமதியுங்கள். முதல் இரண்டு பந்தில் எத்தனை விழுந்தது என்பதை மட்டும் நோட்டில் எழுதுங்கள். அதுதான் உண்மையான சதவீதம்.

சடங்கை ஒவ்வொருத்தியும் தானே உருவாக்கட்டும், ஐந்து நொடிக்குள் அடங்க வேண்டும். கோட்டுக்கு வரும் முன்பே ஒரு நீண்ட மூச்சை வெளியே விடுவது, கால் வைக்கும் இடம், இரண்டு மூன்று தட்டு, கண் ரிங்கில், ஷாட். பந்தை வாங்கிய பிறகு மூச்சு, தட்டு, யோசனை என்று எல்லாவற்றையும் அடைத்தால் நேரம் போதாது. தவறவிட்டதும் முதலில் செய்ய வேண்டியதையும் சொல்லிக்கொடுங்கள். இரண்டாவது பந்து இருந்தால் மூச்சு, இல்லையென்றால் டிஃபன்சுக்கு ஓட்டம். முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பதற்கு அங்கே நேரம் இல்லை என்று ஆகிவிடும்.

கற்பனையில் போட்டுப் பார்ப்பதையும் நான் நம்புகிறேன். கண்ணை மூடி, அதே சடங்கை அதே வேகத்தில், பந்து விரல்நுனியை விட்டுப் போவதுவரை. வீட்டில் படுக்கும்முன் சில நிமிடம் போதும். பந்தும் கோர்ட்டும் இல்லாத நாட்களுக்கு இது நல்ல துணை. இதை மட்டும் வைத்துக்கொண்டு ஷூட்டிங் வராது.

டல்லாஸ்_தமிழன்:
"மேட்ச் மாதிரியே பயிற்சி" என்பதற்கு ரே ஆலனைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2013 இறுதிப்போட்டி ஆறாவது ஆட்டம், மயாமி மூன்று புள்ளி பின்தங்கி இருக்கிறது, சுமார் 5 நொடிதான் பாக்கி. பின்னோக்கி நடந்தே மூலைக்குப் போய், கீழே குனிந்து கோட்டைப் பார்க்காமலே எழும்பிப் போட்டார். ஆட்டம் சமன், மயாமி ஜெயித்தது, தொடரையும் ஜெயித்தது. அதிர்ஷ்டம் என்று பலர் நினைத்தார்கள். அவர் இளம் ஆட்டக்காரராக மில்வாக்கியில் இருந்த காலத்திலேயே தரையில் படுத்து, துள்ளி எழுந்து, பின்னோக்கியே மூலைக்கு ஓடிப் பந்தை வாங்கிப் போடுகிற பயிற்சியைச் செய்துவந்தவர். கோட்டை மிதிக்காமல் கால் எங்கே நிற்க வேண்டும் என்பது உடம்புக்கே தெரிந்திருந்தது.

ஃபிசியோ_மதுரை:
ஜிம் இல்லாமல் என்ன செய்யலாம் என்று சார் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். இந்த வயதுக்குச் சொந்த எடையே நல்ல தொடக்கம். ஸ்குவாட், ஒரு காலை முன்வைத்து இறங்கும் லஞ்ச், படிக்கட்டு விளிம்பில் குதிகால் உயர்த்துவது, பிளாங்க், சுவரில் கைவைத்து ஆரம்பித்துத் தரைக்கு வரும் புஷ்-அப். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். மேட்சுக்கு முந்தின நாள் வேண்டாம்.

சிமெண்ட் தளத்தில் குதிப்பு எண்ணிக்கையை மட்டும் தயவுசெய்து அளவோடு வையுங்கள். இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடங்குகிறதா என்று பாருங்கள். வளரும் பெண்பிள்ளைகளின் முழங்காலுக்கு அது ஆபத்து. முழங்காலுக்குள் இருக்கும் முன் ஜவ்வு (ஏசிஎல்) கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களிடம் அதிகம். இரண்டு காலிலும் மெதுவாக, முழங்காலை மடக்கி, சத்தமில்லாமல் இறங்கச் சொல்லிக்கொடுங்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு மேட்டில் வலி என்று ஒரு பிள்ளை சொன்னால் சோம்பேறித்தனம் என்று ஒதுக்காமல் ஓய்வு கொடுங்கள்.

தூக்கம் இன்னொன்று. ஸ்டான்ஃபோர்டில் செரி மா என்ற ஆய்வாளர் 2011இல் வெளியிட்டது. கல்லூரி அணியின் 11 ஆண் ஆட்டக்காரர்களை ஐந்து முதல் ஏழு வாரம் இரவு 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். ஃப்ரீ த்ரோவும் மூன்று புள்ளி ஷாட்டும் இரண்டுமே சுமார் 9 சதவீதம் கூடின. சிறிய குழு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை, அதனால் அந்த எண்ணை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் விடியற்காலை டியூஷன், இரவு வீட்டுப்பாடம் என்று ஆறு மணி நேரம்கூடத் தூங்காத பிள்ளையிடம் கவனத்தை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேசுங்கள் சார்.

வளைவுக்கோணம்:
ஒரு சந்தேகம். கீழிருந்து இரண்டு கையாலும் போடுகிற முறையைப் பற்றி யாருமே பேசவில்லையே? ரிக் பேரி அப்படித்தான் போட்டார், என்பிஏவில் சுமார் 90 சதவீதம், கடைசிக் காலத்தில் 1978-79 சீசனில் 94.7. வில்ட் சேம்பர்லைன் 100 புள்ளி எடுத்த 1962 மார்ச் 2 ஆட்டத்திலும் அந்த முறையில்தான் 32க்கு 28 போட்டார். இரண்டு கையும் ஒரே மாதிரி அசைவதால் பக்கவாட்டுப் பிழை குறைவு, பந்தும் மெல்ல வந்து விழும். கணக்குப்படி குறையே சொல்ல முடியாது.

பழைய_பாயின்ட்_கார்டு:
உண்மைதான் சார். சேம்பர்லைன் அந்த முறையைத் தொடர்ந்திருந்தால் 51 சதவீதத்தில் தன் காலத்தை முடித்திருக்க மாட்டார். பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள் என்ற கூச்சத்தில் விட்டுவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அத்தனை பெரிய ஆளுக்கே அந்தக் கூச்சம் என்றால், 15 வயதுப் பிள்ளைக்கு? ஒருத்தி தானாக விரும்பிக் கேட்டால் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பேன், நான் திணிக்க மாட்டேன். அதுவும் தனியாகப் பழக வேண்டிய ஷாட். ஆட்டத்தில் வேறெங்கும் பயன்படாது.

ஆறாம்_ஜெர்சி:
அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி மூச்சு, மூன்று தட்டு, பின் விளிம்பு என்று செய்துபார்க்கிறேன். முணுமுணுக்க ஒரு சொல்லும் வைத்துக்கொண்டேன், மலோன் மாதிரி அதை வெளியே சொல்லப்போவதில்லை. உடம்பு முன்போலக் கட்டையாவது இல்லை. மேட்சில் எப்படி என்று செமஸ்டர் முடிந்துதான் தெரியும்.

தென்கரை_பிடி:
இழையைத் திரும்பத் திறப்பதற்கு மன்னிக்கவும். சொன்னபடி பயிற்சியை மாற்றிச் சில வாரங்கள் ஆகின்றன. முதலில் நடந்தது என்னவென்றால், நோட்டில் எழுதும் சதவீதம் தடாலென்று இறங்கியது. ஓடிவிட்டு இரண்டு பந்து என்றதும் பிள்ளைகள் மேட்சில் போடும் அளவுக்கே வந்துவிட்டார்கள். பழைய "பத்துக்கு எட்டு" என்ன என்பது அன்றைக்குப் புரிந்தது. இப்போது அந்த எண் மெல்ல ஏறுகிறது. குட்டையாக விழுவது குறைந்திருக்கிறது. காலை மடக்கிப் போடுவதை நினைவுபடுத்தக்கூட வேண்டியதில்லை.

ஒரு பிள்ளைக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. எதிரணி சத்தம் போட்டால் ரிங்கிலிருந்து கண்ணை எடுத்து அவர்களைப் பார்த்துவிடுகிறாள்.

பழைய_பாயின்ட்_கார்டு:
அவளைத் திருத்துவதைவிடச் சத்தத்தைப் பழக்குங்கள் சார். முதலில் தோழி ஒருத்தி மட்டும் ரிங்குக்குப் பின்னால் நின்று கையை ஆட்டட்டும், அப்புறம் இரண்டு பேர், அப்புறம் எல்லோரும். அவள் சடங்கில் கண் ரிங்கில் உட்கார்ந்த பிறகு மனதுக்குள் "ஒன்று" என்று சொல்லிவிட்டுப் போடச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லின் நேரம்தான் விக்கர்ஸ் அளந்த அந்த ஒரு நொடி. கண் விலகினால் திட்ட வேண்டாம், பந்தை வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கட்டும். பயிற்சியில் அதற்கு நேரம் இருக்கிறது.

தென்கரை_பிடி:
செய்கிறேன் அம்மா. இன்னொன்று, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் வேடிக்கை பார்க்க வந்து இப்போது ஆடவும் கேட்கிறார்கள். அவர்களுக்கும் இதே கோடு, இதே பந்தா?

சிமெண்ட்_கோர்ட்:
வேண்டாம் சார், அங்கேதான் பலருடைய ஷாட் கெட்டுப்போகிறது. எட்டாத தூரத்துக்குப் பெரிய பந்தை எறியவைத்தால் தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் தூக்கி வீசப் பழகிவிடுவார்கள். சிறுவர்களுக்கான மினி பாஸ்கெட்பாலில் 5ஆம் எண் பந்து, ரிங் 2.60 மீட்டரில். போர்டை இறக்க முடியாது என்றால் கோட்டை விட்டு முன்னே வந்து, தலைக்கு மேலிருந்து சிரமமில்லாமல் எட்டுகிற இடத்தில் நிறுத்துங்கள். 5ஆம் எண் பந்து எங்களிடம் சில சும்மா கிடக்கின்றன. தனிச்செய்தியில் ஊரைச் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன்.